மைக்கேலுக்கு, பாய்மரம் தூக்குவது பற்றி

ராயபுரம்

அன்பு மைக்கேலுக்கு,

ஆஸ்திரேலியாவிலிருந்து நீ அனுப்பிய போட்டோ எல்லாம் பார்த்தேன். படகு நன்றாகத்தான் இருக்கிறது, 22 அடிப் படகுக்கு அகலமும் தாராளம், டிரெய்லர் மட்டும் அச்சுப் பக்கம் துரு பிடித்த மாதிரி தெரிகிறது, அதை யாரிடமாவது காட்டு. படகின் பாய்மரத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று நீ கேட்டதற்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உன் மகன் வாங்கித் தருவதாகச் சொல்லும் எலக்ட்ரிக் விஞ்ச், அதாவது கயிறு இழுக்கும் மோட்டார், வேண்டாம். அவனைக் குறை சொல்லவில்லை, அறுபது தாண்டிய அப்பா கம்பத்தைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் பாய்மரத்தில் ஆபத்து எடையில் இல்லைடா. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, எந்தப் பக்கம் போனாலும் வெல்டிங் பொறியும் பெயிண்ட் வாசனையும்தான். வஞ்சிரம் விலையைக் கேட்டால் சாம்பாரே போதும் என்று திரும்பி வந்துவிடுவாய். எனக்கும் கொஞ்சம் வேலை வருகிறது. திருவொற்றியூரில் ஒருவர் உன்னுடையதைப் போலவே சின்னப் பாய்மரப் படகு ஒன்றை டிரெய்லரோடு வைத்திருக்கிறார், எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோய் இறக்குவார், மரம் ஏற்றவும் இறக்கவும் என்னைக் கூப்பிடுவார். கப்பலில் சரக்குத் தூக்கும் டெரிக் கட்டிய கை என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவருடைய படகில் ஏறி இறங்கித்தான் இதெல்லாம் தெரிந்துகொண்டேன், இல்லையென்றால் உனக்குப் பதில் எழுத எனக்கு என்ன தெரியும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். உன் மரம் 8 மீட்டர், வயரும் விளக்கும் சேர்த்து 20 கிலோ என்று வைத்துக்கொள். படுத்திருக்கும்போது பாரம் நடுவில், அதாவது அடியிலிருந்து 4 மீட்டரில் இருக்கும். நீ அடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று தூக்கினால் கைக்கு வருவது 40 கிலோ. ஒரு மீட்டரில் நின்றால் 80. அதனால்தான் இளவட்டங்கள்கூட முக்குகிறார்கள். சரி, தூக்க வேண்டாம், படகின் முன்முனையான அணியத்தில் நின்று, மர உச்சியிலிருந்து அங்கே வரும் முன் வயரைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது, ஏனென்றால் மரம் படுத்திருக்கும்போது அந்த வயர் கிட்டத்தட்ட மரத்தோடு ஒட்டியே கிடக்கும், இழுக்கிற பலமெல்லாம் மரத்தை மேலே கொண்டுவராமல் மரம் திரும்புகிற அடி போல்ட்டைத்தான் போய் இடிக்கும். ஜின் போல் எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான். இரண்டரை மீட்டர் அலுமினியப் பைப் ஒன்று, அதன் கீழ்முனை மரத்தின் அடியில், மேல்முனையில் முன் வயரையோ, பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிற்றையோ கட்டு, அங்கிருந்து கப்பி செட்டு அணியத்துக்குப் போகட்டும். மரம் படுத்தால் பைப் நிமிர்ந்து நிற்கும், மரம் நிமிர நிமிர பைப் படுக்கும். அணியமும் இரண்டரை மீட்டர் முன்னால் இருந்தால் கயிறு 45 டிகிரியில் இழுக்கும், ஆரம்பத்தில் சுமார் 45 கிலோ வேண்டும், நாலு மடிப்புக் கப்பி போட்டால் அது 11 அல்லது 12, உராய்வையும் சேர்த்து 15 என்றே வை. ஒரு குடம் தண்ணீர். அதுவும் முதல் இழுப்பில் மட்டும்தான், மரம் எழ எழக் குறைந்துகொண்டே வரும். பின்பக்கம் மரத்தைத் தாங்கும் கவட்டையைக் கொஞ்சம் உயரமாகச் செய்தால் முதல் இழுப்பும் லேசாகிவிடும். இதற்குப் போய் மோட்டாரா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஹார்பரில் இரண்டு டெரிக்கைச் சேர்த்துச் சரக்கு இறக்கும் யூனியன் பர்ச்சேஸ் ஓட்டிய காலத்தில் டெரிக் பூம் எப்போது ஆளை அடிக்கும்? பாரத்தால் இல்லை, பூமைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிறு (guy) தொய்ந்தால்தான். பாய்மரமும் அதே கதை. நிமிர்ந்து நிற்கும்போது இரண்டு பக்க வயரும் விறைப்பாக இருப்பதால் அது அசையாது. பின்னால் சாய்க்க ஆரம்பித்ததும் அந்த வயர்கள் தொய்ந்துவிடுகின்றன. பெரும்பாலான படகுகளில் பக்க வயர் மாட்டும் செயின் பிளேட் மரத்தின் அடி போல்ட்டுக்குக் கொஞ்சம் பின்னாலும், கேபின் கூரைக்குக் கீழே டெக் மட்டத்திலும் இருக்கும், மரம் ஒரு மையத்தில் திரும்புகிறது, வயர் வேறு மையத்தில் திரும்புகிறது, அதனால் பாதி வழியில் மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்க ஆளே இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மோட்டார் போட் போய் அலை அடித்தாலோ, டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஒருவன் டெக்கில் ஓரமாக நடந்தாலோ மரம் அந்தப் பக்கம் உருளும். எட்டு மீட்டர் நெம்புகோல் அது. அடியில் மரத்தைத் தாங்கும் ஷூவை முறுக்கிப் பிய்த்துவிடும், போல்ட்டோடு டெக்கில் ஓட்டையும் விழும். கீழே நிற்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி, மரத்தில் சுமார் 2 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு பக்கமும் தற்காலிகமாக இரண்டு கயிறு கட்டுவது. எங்கே கட்டுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி போல்ட் வழியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு நேர்கோடு போட்டுப் பார், கயிற்றின் கீழ்முனை அந்தக் கோட்டில் இருக்க வேண்டும், முன்பின்னும் கூடாது, மேலே கீழேயும் கூடாது. அப்படி இருந்தால் மரம் படுத்தாலும் நின்றாலும் கயிற்றின் நீளம் மாறாது, முழு நேரமும் விறைப்பாகவே இருக்கும். உன் போட்டோவில் கேபின் கூரை மேல் கைப்பிடி ரெயில் தெரிகிறது, அதன் உயரம் கிட்டத்தட்ட சரி, ஆனால் அந்த மரச் சட்டத்தை நம்பாதே. அந்த இடத்தில் கீழே பின்தகடு வைத்து பேட் ஐ, அதாவது வளையம் வைத்த தகடு, போட்டுக்கொள். செயின் பிளேட்டில்தான் கட்ட முடியும் என்றால், வயரின் நடுவில் ஒரு வளையம் வைத்து, அந்த வளையம் போல்ட் கோட்டுக்கு நேராக நிற்கும்படி முன்னும் பின்னும் பிரித்துக் கட்டு. ஜின் போலுக்கும் இதே மாதிரி இரண்டு கயிறு வேண்டும், அதுவும் பக்கத்தில் சாயும். நைலான் வேண்டாம், அது ரப்பராக இழுபடும். பாலியெஸ்டர் வாங்கு.

உன் படகில் மரத்தின் நடுப்பகுதியிலிருந்து இறங்கும் கீழ் வயர் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று நாலு தெரிகிறது. முன் ஜோடியைக் கழற்றாமல் மரத்தைப் பின்னால் சாய்க்க முடியாது, சாயச் சாய அது இறுகும். பின் ஜோடி தொய்வதால் இருக்கட்டும்.

அடுத்து மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம். தொய்ந்து கிடக்கும் வயர் சும்மா கிடக்காது, ஜன்னல் ஓரம், ஹாட்ச் மூலை, விஞ்ச் டிரம், எது கிடைக்கிறதோ அதில் போய்ச் சுற்றும். வயரை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் செயின் பிளேட்டில் நேராக நிற்காமல் மடங்கிப் படுத்திருக்கும், மரம் கடைசி 20 டிகிரியில் வரும்போது வயர் இறுகும், மடங்கிய டர்ன்பக்கிள் அப்படியே வளையும், அல்லது மரைப் பகுதியில் கீறல் விட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும், ஆறு மாதம் கழித்துக் காற்றில் போய் உடையும். கையால் கப்பி இழுக்கிறவனுக்கு இது உடனே தெரிந்துவிடும், 15 கிலோ போகப்போகக் குறைய வேண்டியது திடீரென்று கூடினால் எங்கேயோ மாட்டிவிட்டது என்று நிறுத்துவான். மோட்டாருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு இழுக்கும். எனக்கு விஞ்ச் பிடிக்காததற்குக் காரணம் இவ்வளவுதான். கொஞ்சம் எழுப்பு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டில் போட்டு நிறுத்து, ஒருவன் சுற்றி வந்து எல்லா வயரையும் பார்க்கட்டும், மறுபடி எழுப்பு. முழுதாக நின்ற பிறகும் முன் வயரைப் பூட்டும் ஆணியும் அது கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னும் போட்டுப் பார்க்கும் வரை கப்பியை விடாதே. ஹார்பரில் மாதிரியே சிக்னல் ஒருவன்தான் கொடுக்க வேண்டும். மகன் ஒன்று, மருமகள் ஒன்று, படகு இறக்கும் ராம்ப்பில் நிற்கிற வெள்ளைக்காரன் ஒன்று என்று ஆளாளுக்குக் கத்தினால் விளங்காது.

இறக்குவது ஏற்றுவதைவிட மோசம், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. சாயங்காலம் ஆகியிருக்கும், வெயிலில் களைத்திருப்பீர்கள், வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும். பாயையும் அதன் அடிக்கட்டையான பூமையும் முதலில் கழற்று. ஜின் போல் கப்பியை இறுக்கிவிட்டு அதன் பிறகுதான் முன் வயரைத் தொடு. ஆரம்பத்தில் மரம் பின்னால் சாயவே மறுக்கும், பின்னாலிருந்து ஒருவன் ஆஞ்சானைப் பிடித்து லேசாக இழுக்க வேண்டியிருக்கும், பிறகு சட்டென்று பாரம் உன் கைக்கு மாறும். அந்த நொடிக்குத் தயாராக இரு, கயிறு கிளீட் வழியாகவே ஓடட்டும், கையில் சுற்றிக்கொள்ளாதே, முனையில் முடிச்சு இருக்கட்டும். மெல்ல ஆரியா, மெதுவாக இறக்கு. மரத்துக்கு நேர் கீழே ஒருத்தரும் நிற்கக் கூடாது, பேரப்பிள்ளைகளைக் காரில் உட்கார வை.

தண்ணீரில் வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், டிரெய்லர் மேல், சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியோடு மாட்டியபடியே செய். வண்டியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு நாலு பேர் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். டெக் தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் இருக்கும், மரத்தில் அடிபடுவதைவிட அங்கிருந்து விழுந்து இடுப்பு போவதுதான் எனக்குப் பயம், ஏணியைக் கட்டி வை.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேலே பார். எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் மேல் மின்நிலையத்திலிருந்து போகும் உயர் அழுத்தக் கம்பிகள் உனக்கு ஞாபகம் இருக்கும், நம் திருவொற்றியூர்க்காரர் படகைத் தண்ணீரில் விட்டதும் என்னிடம் முதலில் கேட்பது அந்தக் கம்பி எந்தப் பக்கம் என்றுதான். இங்கே கட்சிக் கொடிக்கம்பம் நடும்போது கம்பியில் பட்டு ஆள் போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். அலுமினிய மரமும் உயரம்தான், வயர் வேறு நாலா பக்கமும் தொங்கும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, உயர் அழுத்தத்தில் கிட்டே போனாலே தாவும். டிரெய்லரைத் தொட்டபடி தரையில் நிற்பவன் உடம்பு வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். மரம் ஏற்றும் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, அங்கிருந்து ராம்ப் வரை நடந்து பார், நின்ற மரத்தோடு வண்டியை நகர்த்தும்போதுதான் மறந்துபோகும். நீ போக ஆசைப்படும் கிப்ஸ்லாண்ட் ஏரிகளிலும் எங்கெல்லாம் கம்பி குறுக்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்.

வயரைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். அந்தப் படகு சில வருஷம் சும்மா நின்றது என்று எழுதியிருந்தாய். ஸ்டெயின்லெஸ் என்று நம்பாதே, வயர் அதன் முனையில் நசுக்கி மாட்டிய குழாயான ஸ்வேஜுக்குள் நுழையும் இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளேயே அரிக்கும். பழைய பருத்தித் துணியை வயரில் சுற்றி மேலிருந்து கீழே இழு, எங்கேயாவது நூல் பிடித்தால் ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த வயரை மாற்று. அடி போல்ட்டையும் வெளியே எடுத்துப் பார், நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தால் புதுசு போடு.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்கு விம்கோ நகர்ப் பக்கம் வேலை, மெட்ரோவில் போய் வருகிறாள். முழங்காலுக்காக டாக்டர் என்னை நடக்கச் சொல்கிறார், ஹார்பர் வரை நடக்கிறேன், அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவதை அவரிடம் சொல்வதில்லை. ஸ்டெல்லாவை விசாரித்ததாகச் சொல்.

மரத்தின் அடி ஷூவையும் செயின் பிளேட்டையும் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பு, பக்கத்தில் ஒரு டேப் விரித்து வைத்து எடு. போல்ட்டிலிருந்து செயின் பிளேட் எவ்வளவு பின்னால், எவ்வளவு கீழே என்று தெரிந்தால் பக்கக் கயிறு எங்கே வரவேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன். அது வரும் வரை மரம் கவட்டையிலேயே கிடக்கட்டும்.

உன்,
தாஸ்