சீனப் பெண்கள் பட்டம் பெற்ற ஆண்டு

ஆசிரியருக்கு,

சீனப் பெண்களின் உயர்கல்வி 1920இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதாக எழுதுவது சரியல்ல. நான்ஜிங்கில் 1915இல் திறந்த ஜின்லிங் மகளிர் கல்லூரியில் 1919லேயே ஐந்து பெண்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். பீக்கிங் முதலில் சேர்த்த ஒன்பது பேருக்கோ வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்க மட்டுமே அனுமதி.

பெண்பள்ளிகளுக்கு அரசு விதிமுறை வந்ததே 1907இல்தான். அதுவும் தொடக்கப்பள்ளிக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கும் மட்டும். நடுவே உயர்நிலைப்பள்ளி இல்லாமல் கல்லூரிக்கு யார் வருவது?

பெண்களை முடக்கிய இன்னொரு தடை, சிறுமிகளின் பாதம் வளராதபடி துணியால் இறுக்கிக் கட்டும் கொடுமை. அதை எதிர்த்த சங்கங்கள் சிக்கலைச் சரியாகப் பிடித்தன. மகளுக்குக் கால் கட்டமாட்டேன் என்பதோடு, கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டேன் என்றும் உறுதிமொழி வாங்கின. மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம்தானே தாய்மார்களை அந்தத் துணியை எடுக்க வைத்தது!

– வாசகர், திருச்சி