காணாமற்போன பிள்ளையை முதலில் கிணற்றடியில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 2, உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள். பதாகையும் ஊர்வலமும் நல்லவைதான். ஆனால் வன்னியில் ஓட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று ஆபத்தில் அகப்பட்டால் முதலில் வந்து நிற்பவர்கள் பொலிஸாரும் கிராம அலுவலரும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸின் ஊழியர்களும்தான். ஊர்வலம் பார்த்து அவர்கள் கற்கக்கூடியது கொஞ்சம். அவர்களுக்கு அரைநாள் செய்முறைப் பயிற்சி வேண்டும். அதில் என்ன இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பின் ஒரு தடவையாவது சொல்லாமல் வெளிக்கிடப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது தண்ணீர். மினுங்கும் நீர் பலரை இழுக்கும்; ஆழம் பற்றிய பயம் இருக்காது. எங்கள் பக்கத்திலோ கட்டில்லாத தோட்டக்கிணறு, இரணைமடு வாய்க்கால், மாரியில் நிரம்பும் கிரவல் கிடங்கு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். பிள்ளையைக் காணவில்லை என்றதும் சந்தியிலும் பஸ் நிலையத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் தேடுவதுதான் வழக்கம். இதை மாற்றவேண்டும். முதலில் சுற்றுவட்டத்திலுள்ள ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஆள் போகட்டும். முறைப்பாடு எழுதுவது பிறகு. போனவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடாது, அங்கேயே நிற்கவேண்டும். நீங்கள் பார்த்துவிட்டு வந்த பத்தாவது நிமிடத்தில் பிள்ளை அங்கே போய்ச் சேரலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பலர் திரும்பமாட்டார்கள். ஒலிபெருக்கியும் பத்துப்பேரின் கூச்சலும் கேட்டால் பற்றைக்குள் ஒளிவார்கள். தாயிடம் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தச் சத்தத்துக்கு ஓடி வருவான்?" பாண் ஓட்டோவின் பாட்டுக்கு வருகிற பிள்ளையென்றால், அந்தப் பாட்டைப் போனில் போட்டுக்கொண்டு ஒருவர் மெதுவாக நடந்தால் போதும். இன்னொன்று வன்னிக்கே உரியது. மிதிவெடி அகற்றி முடியாத காணிகளின் சிவப்புப் பலகை அந்தப் பிள்ளையைத் தடுக்காது. தேட வரும் இளைஞர்கள் அதற்குள் பாய்ந்துவிடாதபடி, அந்த இடங்கள் குறித்த வரைபடம் தேடுதலை நடத்துபவர் கையில் இருக்கவேண்டும்.

பிள்ளையைக் கண்டபின் பேசும் விதம். ஒருவர் மட்டும் பேசட்டும்; மற்றவர்கள் பின்னுக்கு நிற்கட்டும். சைரனையும் சுழலும் விளக்கையும் அணையுங்கள். "ஓடாதே" என்றால் காதில் முதலில் விழுவது ஓட்டம், மறுப்பு கடைசியில்தான் வருகிறது. "நில்" என்று சொல்லுங்கள். சொன்னபின் பத்து விநாடி காத்திருங்கள். இடையில் திரும்பச் சொன்னால் அவனுக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அதட்டினால், கொழுக்கட்டை இல்லை என்று பதில் வரலாம். அது நக்கல் அல்ல, கேட்ட கேள்விக்கு நேரான பதில்.

விசாரணையில் இது பெரிய அநியாயத்தில் கொண்டுபோய் விடும். "நீயா எடுத்தாய்?" என்றால் "எடுத்தாய்" என்று கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதை ஒப்புதல் என்று எழுதிவிடக்கூடாது. "வீடு பரந்தனா, கிளிநொச்சியா?" என்று கேட்டுவிட்டு, சிறிது பொறுத்து "கிளிநொச்சியா, பரந்தனா?" என்று மாற்றிக் கேளுங்கள். பதிலும் மாறினால், அவன் சொன்னது ஊர் அல்ல, உங்கள் கடைசிச் சொல். கண்ணைப் பார்க்காததும் கையைப் படபடவென்று அடிப்பதும் போதையின் அடையாளமோ குற்ற உணர்வோ அல்ல. கையை அடிப்பது அவன் தன்னைத் தானே அமைதிப்படுத்தும் வழி. அதை நிறுத்தப் பிடித்து அமுக்கினால் நிலைமை மோசமாகும். முகம் நிலத்தில் பட முதுகில் முழங்காலை ஊன்றுவதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. மூச்சு அடைத்துவிடும்.

அம்புலன்ஸ் ஊழியர்கள் பரிசோதனையைக் காலில் தொடங்கித் தலைக்குப் போகட்டும். முகத்துக்கு நேரே நீளும் கைதான் அதிகம் பயமுறுத்தும். இரத்த அழுத்தப் பட்டியை முதலில் தாயின் கையில் கட்டிக் காட்டுங்கள். அழவில்லை என்பதால் நோவில்லை என்று முடிவெடுக்காதீர்கள். நோவை வெளிக்காட்டாத பிள்ளைகள் பலர், எலும்பு முறிந்தும் நடப்பார்கள். பற்றைக்குள் இருந்து மீட்ட பிள்ளை என்றால் பாதம், கணுக்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். புடையன் பாம்பு கடித்திருந்தாலும் அவன் சொல்லமாட்டான்; கட்டுவிரியன் கடி பெரியவர்களுக்கே தெரியாமல் போவதுண்டு. வலிப்பு நோயும் ஓட்டிசத்தோடு அடிக்கடி சேர்ந்து வரும், ஆகவே குடிக்கும் மருந்தைக் கேட்டு எழுதுங்கள்.

தீயணைப்புப் படைக்கு ஒன்று: வெளியே கொண்டுவந்த பிள்ளை பழகிய இடம் தேடித் திரும்பவும் எரியும் வீட்டுக்குள் ஓடக்கூடும். கையைப் பிடித்தபடி ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 13ஆம் உறுப்புரை பொலிஸாருக்குத் தகுந்த பயிற்சி வேண்டும் என்கிறது. ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அல்ல. இங்கு கடமையாற்றும் பொலிஸாரில் பலர் சிங்களம் பேசுபவர்கள். "நில்", "இரு", "வா", "தண்ணி", "அம்மா வாறா", "முடிஞ்சுது" போன்ற சொற்களைச் சிங்கள எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் படமும் போட்டு, சட்டைப்பையில் அடங்கும் அட்டையாகக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். பயிற்சியை மண்டபத்தில் படம் காட்டி முடிக்காமல், ஒரு தோட்டக்கிணற்றடியில் தேடுதல் ஒத்திகையாகவும் நடத்தவேண்டும்.

பெற்றோரும் இன்றே ஒரு வேலை செய்யலாம். பிள்ளையின் படம், உயரம், பேசுமா பேசாதா, எதற்குப் பயம், எதற்கு ஓடிவரும், வீட்டைச் சுற்றி எங்கெங்கே தண்ணீர் என்பதை ஒரே தாளில் எழுதி, கிராம அலுவலரிடமும் பொலிஸ் நிலையத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றுங்கள்.

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுடன் பணிபுரியும் ஆசிரியர்கள்,
கிளிநொச்சி.