பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதய நோயாளிகளின் பதற்றத்தை இசை தணிக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதயப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொன்ன விஷயம் சரி. ஆனால் இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று கடைசியில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்களே, அதுதான் இடிக்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளை, மொத்தம் 1,369 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்து 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு, அதிலும் மாரடைப்பு வந்து சேர்ந்தவர்களுக்கு, பதற்றம் குறைந்தது தெரிந்தது. தாங்களே தேர்ந்தெடுத்த இசை என்றால் பலன் இன்னும் கூடுதல். பல ஆய்வுகள் கறாராகச் செய்யப்பட்டவை அல்ல, ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். எந்த ராகத்தையும் மருந்துச் சீட்டு மாதிரி எழுதித் தரவில்லை.

ஐ.சி.யு.வில் படுத்திருப்பவருக்கு வேறு என்ன வேலை? தலைமாட்டில் இருக்கும் மானிட்டரைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்தால் இவருக்கு நாடித்துடிப்பு ஏறும். பயத்தில் அட்ரினலின் சுரந்து, துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடி, ஏற்கெனவே அடிபட்ட இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை அதிகமாகிவிடும். பதற்றத்தைச் சும்மா மனசு சமாச்சாரம் என்று விட முடியாதது இதனால்தான்.

இதற்கு மருந்தாக நினைத்து, நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வார்டு முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கர் வைத்தார்கள். விடிந்ததும் பக்திப் பாடல்கள். ஒரு பெரியவர், ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, மற்றக் கையால் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். “சிஸ்டர், எங்க ஊர்ல உசுரு போற நேரத்துலதான் பதிகம் பாடுவாங்க. நிறுத்துங்கம்மா” என்றார். நிறுத்தினோம். அப்புறம் அவர் மகன் போனில் ஏற்றிக் கொடுத்த பழைய சினிமாப் பாட்டுகளை இயர்போனில் கேட்டபடி தூங்கிப்போனார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கோ அந்தப் பதிகமே வேண்டியிருந்தது. ஸ்பீக்கரால் இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியுமா?

பிடித்த பாட்டு என்றால் எதுவும் போடலாமா என்று கேட்பீர்கள். 2006-ல் இத்தாலியில் ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், தாளம் விரைவாக விரைவாக மூச்சும் துடிப்பும் ஏறின; கேட்பவரின் ரசனைக்கு அதில் பெரிய பங்கில்லை. இடையில் பாட்டை நிறுத்திய 2 நிமிட அமைதியில் எல்லாம் நன்றாக இறங்கின. அதனால் குத்துப் பாட்டை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். அவருக்குப் பிடித்தவற்றிலேயே நிதானமானவை நாலைந்து இல்லாமலா போகும்?

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று. இயர்போனுக்குள் சின்னக் காந்தம் இருக்கிறது. துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கரோ, துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ நெஞ்சில் பொருத்தியவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம், தப்பில்லை. கழற்றி நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு தூங்குவதும் சட்டைப் பையில் வைப்பதும்தான் கூடாது. கருவிக்கு 3 சென்டிமீட்டருக்குள் வந்தால் அதன் வேலையில் குறுக்கிடக்கூடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். துணைக்கு இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி