மரத்தடி மண்ணை விட்டுவையுங்கள்

ஐயா,

வேலூர் வெயிலைப் பற்றி எழுதுபவர்கள் அதற்கு முன்னால் வரும் வசந்தத்தை மறந்துவிடுகிறார்கள். மாசியில் இலை உதிர்த்த புங்க மரம் பங்குனியில் பளபளவென்று தளிர்க்கிறது. வேம்பும் பூக்கத் தொடங்குகிறது. குடியாத்தம் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியையான எனக்கு இந்த நாட்களில் மரத்தடிதான் வகுப்பறை. உதிர்ந்த பூக்களைப் பத்துப் பத்தாகக் குவித்தால் கணக்குப் பாடம் முடிந்தது.

தவக்காலம், பங்குனி உத்திரம், சில ஆண்டுகளாக ரம்ஜான் நோன்பு எல்லாமே இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவைக் குறியோடு வந்த சிறுமியிடம், பட்டை போட்டிருந்த பையன், "உங்க கோயில்லயும் திருநீறு தர்றாங்களா?" என்று கேட்டான். "ஆமா, கொஞ்சூண்டுதான்" என்றாள். தினமும் விளக்கேற்றிவிட்டுப் பள்ளிக்கு வருபவள் நான். விளக்கம் சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டேன். உத்திரத்துக்கு மறுநாள் யாராவது மொட்டைத் தலையோடு வந்தால் தொட்டுப் பார்க்க வரிசை நிற்கும். அன்று பாடம் நடந்த மாதிரிதான்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி வளாகங்களில் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். மழையில் சேறாகாது, நல்லதுதான். ஆனால் அடிமரம் வரை ஒட்டிப் பதித்தால் வேருக்குத் தண்ணீர் எப்படி இறங்கும்? மரத்தைச் சுற்றி நான்கைந்து அடி மண்ணை அப்படியே விட அதிகாரிகள் உத்தரவிட வேண்டும். ஏற்கெனவே பதித்த இடங்களில் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்தால் போதும், பெரிய செலவில்லை. கோடை மழைக்கு முன் செய்தால் நல்லது.

ஓர் ஆசிரியை,
குடியாத்தம்