காவலுக்கு வாங்குற நாய கேட்டுல கட்டிப் போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நாட்டு நாய் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாத்துக்கும் போட்டோவோட. பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா ராஜபாளையத்துக்கு "காவலுக்கு ஏற்றது"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிய நம்பித்தான் எங்க பக்கம் நிறைய பேர் குட்டி வாங்கிட்டு வந்து கேட்டுல கட்டிப் போடுறாங்க. நாங்களும் அந்த நெனப்புலதான் வாங்கினோம், அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல வேலை, பாதி மாசம் நைட் ஷிப்ட். வீடு ஊருக்கு கொஞ்சம் ஒதுக்குப்புறம். நானும் மாமியாரும் ரெண்டு சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான் ராத்திரில இருப்போம். அதனால ஆறு வருஷம் முன்னாடி 45 நாள் குட்டி ஒண்ணு வாங்கினோம். பால் மாதிரி வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, அதுதான் சுத்தமான ரகம்னு வித்தவரு சொன்னாரு. முத்துனு பேர் வச்சோம். கூப்பிட்டா வரமாட்டான், திட்டினாலும் கண்டுக்க மாட்டான், திமிரு பிடிச்ச குட்டினு மாமியார் ரெண்டு அடி கூட போட்டிருக்காங்க. மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனப்போதான் டாக்டர் சந்தேகப்பட்டு அவனுக்குப் பின்னாடி ஒரு சில்வர் தட்ட கீழ போட்டாரு, அங்க நின்ன மத்த நாயெல்லாம் துள்ளுச்சு, இவன் பாட்டுக்கு தரைய மோந்துக்கிட்டு நின்னான். ரெண்டு காதும் கேக்கல.

டாக்டர் சொன்ன விளக்கம் எல்லாருக்கும் தெரியணும். நாய்க்கு நிறம் குடுக்குற செல்லு காதுக்குள்ளயும் இருக்கணுமாம், மேல் முழுக்க வெள்ளையா இருக்குற சில குட்டிகளுக்கு அது காதுக்குள்ள இருக்காது, அதனால பொறந்த சில வாரத்துலயே கேக்குற சக்தி போயிருது. ஒரு காது மட்டும் போன குட்டியும் உண்டு, அத வீட்டுல கண்டுபிடிக்கறது கஷ்டம். நாம வெள்ளைதான் வேணும், ரோஸ் மூக்குதான் வேணும்னு கேட்டுக் கேட்டு வாங்குறோம், வளர்க்குறவங்களும் அதையே பார்த்து ஜோடி சேர்க்குறாங்க. வித்தவர்கிட்ட போய் சொன்னோம், குட்டிய குடுத்துட்டு வேற எடுத்துக்கோங்கன்னாரு. இத என்னங்க பண்ணுவீங்கன்னு கேட்டேன், பதிலே இல்ல. முத்துவ தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

காது கேக்காத நாய வெளிய கட்டிப் போட முடியாது, யாராவது பின்னாடி வந்து தொட்டா பதறிப்போய் கடிச்சிரும். அதனால ஹால்லயே படுக்க வச்சோம். தூங்கும்போது தொடக் கூடாது, தரைய கால்ல ரெண்டு தட்டு தட்டிட்டுதான் பக்கத்துல போகணும்னு பிள்ளைங்களுக்கு முதல்ல பழக்கினோம். வா, உக்காரு, போதும் எல்லாமே கை சாடைதான், ராத்திரில லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டா தோட்டத்துல எங்க நின்னாலும் ஓடி வந்துருவான். இன்னிக்கு எங்க இடுப்பு உசரம் இருக்கான், என் சின்ன பொண்ணு அவன் வயித்துல தலை வச்சுப் படுத்துதான் ஹோம்வொர்க் எழுதுறா. ஆனாலும் வெளியாளு வந்து தடவுனா அவனுக்குப் பிடிக்காது, இந்த இனத்துக்கே அது உண்டு, அதனால வர்றவங்கள தொடாதீங்கன்னு சொல்லிருவேன். அதே மாதிரி வேட்டை நாய் ரத்தம், ஆடு ஓடினா இவனும் ஓடுவான், பெல்ட்டும் கயிறும் இல்லாம ரோட்டுக்கு கூட்டிட்டுப் போறதே இல்ல. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கணும், மழையா இருந்தாலும். வெறும் தயிர் சோறு பத்தாது, முட்டையோ கோழிக்கறியோ கூட வேணும், நெஞ்சு ஆழமான நாய்ங்கறதால சாப்பிட்ட உடனே ஓட விட்டா வயிறு உப்பி முறுக்கிக்கலாம், அது சில மணி நேரத்துல உயிரையே எடுத்துரும். வெயில்ல அந்த ரோஸ் மூக்கும் காதும் வெந்து புண்ணாகுது. உண்ணி காய்ச்சல் வேற, ஒருதடவை முத்து ரெண்டு நாள் எந்திரிக்கவே இல்ல, வாரத்துக்கு ஒருநாள் காது மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் பார்த்து உண்ணி எடுக்குறேன்.

அதே ஈத்துல பொறந்த இன்னொரு குட்டிய எங்க சொந்தக்காரங்க வாங்கினாங்க. அதுக்கு காது நல்லா கேக்கும். ஆனா மூணு மாசத்துலயே கேட்டுக்கிட்ட நாலடி சங்கிலில கட்டிட்டாங்க. உள்ள விட்டா செல்லம் குடுத்து காவல் கெட்டுப்போகுமாம். போற வர்ற பசங்க கல்ல எறிவாங்க, குச்சிய ஆட்டுவாங்க, அது நாள் பூரா அங்கயே சுத்திச் சுத்தி குலைக்கும். ரெண்டு வயசுல ஒருநாள் சங்கிலி அறுந்து, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர கால்ல கடிச்சிருச்சு. அவரு ஊசி எல்லாம் போட்டு நல்லாயிட்டாரு. ஆனா ராஜபாளையம்னாலே இப்படித்தான்னு சொல்லி அத தோப்புல கொண்டுபோய் அங்கயும் கட்டிட்டாங்க. போன மாசம் போனேன், கழுத்துல பெல்ட்டு அறுத்து புண்ணு, என்னப் பார்த்து தலைய கூட தூக்கல. நான் அழுதுட்டேன் ஐயா. ரெண்டும் ஒரே தாய் குட்டிதானே.

எங்க வீட்டுல செவிட்டு நாய் காவலுக்கு ஆகாதுன்னு எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா. ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி, வீட்டுக்காரர் ஷிப்ட்ல இருந்தாரு, படுத்திருந்த முத்து திடீர்னு எந்திரிச்சு பின்கதவுப் பக்கம் மூக்க நீட்டினான், முதுகு முடியெல்லாம் நிக்குது, அப்புறம் வீடே அதிர குலைச்சான். மோட்டார் ரூம்ல வயர் உருவ வந்த ஆளு காம்பவுண்ட் ஏறி ஓடிட்டான். முத்து கதவுக்கும் எனக்கும் நடுவுல நின்னுட்டு விடியிற வரைக்கும் நகரல. நாங்க அவன் ஆளுங்கன்னு அவனுக்கு தெரியும், அதனாலதான் நின்னான்.

1960 மிருகவதை தடுப்புச் சட்டம் 11வது பிரிவுல, நாய எப்பவும் கட்டியே வச்சு நடக்க ஓட விடாம இருக்குறதும் குத்தம்னு இருக்கு, சின்னச் சங்கிலில ரொம்ப நேரம் கட்டுறதும் குத்தம். ஆனா முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய். சங்கிலி விலையே அதவிட ஜாஸ்தி. 2005ல தபால் தலை போட்டு கௌரவிச்ச இனத்துக்கு இந்த மதிப்புதானா?

அடுத்த தடவை நாட்டு நாய் பத்தி எழுதும்போது இதையும் போடுங்க ஐயா. குட்டி வாங்குறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடி நின்னு கைய தட்டிப் பாருங்க, காத்து படாத மாதிரி தள்ளி நின்னு. கேக்கலைன்னா திருப்பிக் குடுத்துராதீங்க, ஹால்ல ஒரு சாக்கு விரிச்சுப் போடுங்க. அந்த தோப்பு நாய எங்களுக்கு குடுத்துருங்கன்னு சொந்தக்காரங்ககிட்ட கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றோம்னு சொல்லிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்