பாப்பாவுக்கு, புதுக்கோட்டையிலிருந்து

பாப்பா,

பழைய ஸ்கூட்டரை விற்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் மேல் கோபப்பட வேண்டாம். பசுமை வரி கட்டி ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. பங்க்கில் இருக்கும் பையன்களுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வண்டியே தெரிவதில்லை. நானே மூடியில் அளந்து ஊற்றிக்கொள்கிறேன். காலையில் சோக்கை இழுத்து, ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்தால் எடுத்துவிடுகிறது. உனக்குத் தெரியாததா.

அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னான். வெளியே போகும்போது தலையை மூடிக்கொள். உனக்குக் காது வழியாகத்தான் எல்லாம் வரும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை உன் அம்மா பெருமாளைப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லாக் கோயிலிலும் கூட்டம். ஒரே இடத்தில் பன்னிரண்டு பெருமாளைக் காட்டுகிறேன் வா என்று நார்த்தாமலைக்கு அழைத்துப் போனேன். 17 கிலோமீட்டர்தானே. நெடுஞ்சாலையில் லாரிக்கெல்லாம் ஓரம் கொடுத்து மெதுவாகத்தான் ஓட்டினேன், இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். முட்டிவலி இருக்கிறதே, மேலமலையில் ஏறுவாளா என்று நினைத்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டாள். சமணர் குடகு என்கிற குடைவரைக்குள் நின்று 12 பெருமாளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கும் ஒரு விளக்குகூட இல்லையே" என்று வருத்தப்பட்டாள். ஒரே அளவில் ஒரே மாதிரி நிற்கிறார்களே, எந்தப் பெருமாளைக் கும்பிடுவது என்று நீ சின்ன வயதில் குழம்பினாயே, அதையும் நினைவுபடுத்தினாள். பெயரே சமணர் குடகு. முன்பு சமணர்களுக்கு உரியதாக இருந்து, பின்னால் பதினெண்பூமி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலாக மாறியது என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை, பன்னிரண்டு பேர் முன்னாலும் தனித்தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது ஐந்து மணி இருக்கும். பாறையில் சூடு இறங்கியிருந்தது. அதே மலையில் இருக்கிற விஜயாலய சோழீசுவரம் மேற்கு பார்த்த சிவன் கோயில், சாயங்காலம்தான் போக வேண்டும் என்று உனக்கு எப்போதும் சொல்வேன். கார் வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஏழெட்டுக் கோயில் பார்க்கிறவர்கள் இங்கே காலையில் வந்து வெறும் நிழலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெயில் சாய்ந்த பிறகு வாயிற்காவலர் முகத்தில் வெளிச்சம் விழும்போது, 9ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் உளி எங்கெங்கே நின்று திரும்பியது என்பது வரை தெரிகிறது. மேலே கைப்பிடிச் சுவர் வரிசையில் ஆடும் பெண்களும் அப்போதுதான் தனியாகத் தெரிகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர ஒரு ஆள் கிடையாது.

விமானத்தில் கீழே மூன்று தளம் சதுரம், மேலே உள்ளது வட்டம். உள்ளே கருவறையும் வட்டம், அதைச் சுற்றிய வெளிச்சுவர் சதுரம். "மூலையெல்லாம் எங்கே போச்சுப்பா?" என்று நீ கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம். நில அளவையிலேயே காலம் கழித்தவன் நான், வயலில் வளைந்து போகும் வரப்பை அளப்பதே எவ்வளவு பாடு என்று தெரியும். சதுரத்துக்குள் வட்டத்தைக் கல்லில் எழுப்ப எவ்வளவு கணக்குப் போட்டிருப்பார்கள்! அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை பெரிய கணக்கெல்லாம் போடும் என்று அன்றே உன் தாத்தாவிடம் சொன்னேன். போட்டாய். இந்தத் தெருவில் உன் பேரைச் சொல்லும்போது உன் அம்மாவின் குரலே மாறும். ஆனால் போன பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அதற்கு முந்தின தீபாவளிக்கும் அப்படித்தான். சொல்லிக் காட்டவில்லை, சொல்கிறேன்.

அந்தக் கோயிலில் இருக்கிற கல்வெட்டைத் திரும்பவும் நின்று பார்த்தேன். உன் விரல் படாத எழுத்து அதில் இல்லை. பழைய எழுத்தை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்து, பள்ளிக்கூட விடுமுறை முழுக்க என்னை அங்கே ஓட்டிவரச் சொன்னவள் நீ. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையன் எடுப்பித்த கற்கோயில், மழை இடித்து அழிந்தது, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். இவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்த நடுச் செய்திதான் பெரிதாகப் படுகிறது. புதுப்பித்தவன் தன் பேரை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். இடிந்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கலாம். கட்டியவன் பேரையும் சொல்லி, மழை இடித்ததையும் சொல்லி, அதற்கப்புறம்தான் தன் பேரைச் சொல்கிறான். இதைப் படித்துவிட்டு சாத்தன் பூதியை யார் குறைவாக நினைத்தார்கள்? அவன் கட்டியதில் குறை என்று யார் சொன்னார்கள்? மழை. அது யார் கையில் இருக்கிறது? இடிந்தது என்று சொன்னதால்தான் எடுத்துக்கட்ட ஒரு ஆள் வந்தான். சொல்லாமல் இருந்திருந்தால் கோயில் ஏது இன்றைக்கு.

இதை அங்கே உன் அம்மாவிடமும் சொன்னேன். "எனக்கு ஏன் சொல்றீங்க?" என்றாள்.

எதிரே பழியிலி ஈசுவரம் என்கிற சிவன் குடைவரைக்கும் போனோம். அதைக் குடைவித்தவன் சாத்தன் பழியிலி, பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில். அவன் மகள் பழியிலி சிறிய நங்கை முன் மண்டபமும் நந்தியும் பலிபீடமும் செய்வித்திருக்கிறாள், கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பிறகும். அப்பன் மலையைக் குடைய, மகள் அதற்கு முன்னால் வாசல் எடுத்திருக்கிறாள். உன்னை வண்டியில் முன்னால் நிற்க வைத்து முதல்முதலாக அங்கே அழைத்துப் போன அன்று இந்தக் கதையைச் சொன்னபோது, "நான் உனக்கு என்ன கட்டணும்?" என்று கேட்டாய். ஒன்றும் கட்ட வேண்டாம் பாப்பா. அன்றும் அதைத்தான் சொன்னேன்.

மலை மேல் நின்று அம்மா உனக்கு வீடியோ போட்டாள். நெட் சரியில்லை என்று நீ கேமராவைத் திறக்கவில்லை. சரி, இருக்கும். முன்பெல்லாம் மதியம் 3 மணிக்குக் கூப்பிட்டால், உனக்கு அப்போது காலை 11.30, "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்று எழுதிவிட்டு ராத்திரிதான் பேசுவாய். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு. இப்போது எந்த நாள் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாய். எடுத்துவிட்டு, சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று எங்களைத்தான் கேட்கிறாய். நான் பதில் சொல்கிறேன். அப்புறம் இருவரும் பேசாமல் இருக்கிறோம். அம்மா இதைக் கவனித்தாளா தெரியாது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது இருட்டிவிட்டது. வண்டி விளக்கு நன்றாக எரிகிறது, பயப்படாதே.

அதற்கு அடுத்த வாரம் சித்தப்பாவும் நானும் விராலிமலை வழியாகக் கொடும்பாளூர் போனோம். அவன் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் மேலவீட்டு விஷயத்தையே பேசிக்கொண்டு வந்தான். அது முடிந்துவிட்டது, கையெழுத்தாகிவிட்டது, நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மூவர் கோயிலில் புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும், கற்றளி, வரகுணா என்ற இரண்டு மனைவியர் பேரிலுமாக மூன்று விமானம் எடுத்தான் என்று அங்கேயே கிரந்தத்தில் எழுதியிருக்கிறது. நடுவிலும் தெற்கிலும் இருப்பவை நிற்கின்றன. வடக்கில் இருந்ததற்கு அடித்தளம் மட்டும்தான். சுற்றிலும் 15 சின்னக் கோயில்கள் இருந்ததும் அடித்தளத்தை வைத்துத்தான் தெரிகிறது. சித்தப்பா நிற்கிற இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வடக்கே போய் அந்த அடித்தளத்தைச் சுற்றி வந்தேன். தொழில் புத்தி, எல்லைக்கல் இருந்தால் போதும், இடம் இன்னாருடையது என்று தெரிந்துவிடும் எனக்கு.

அதே கல்வெட்டில், மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்கு மடம் கட்டிக்கொடுத்து, 50 துறவிகள் சாப்பிட 11 ஊரைக் கொடுத்த செய்தியும் இருக்கிறது. அந்த மண்ணில் சோறு போடுவது புதிது இல்லை. இடங்கழி நாயனார் அந்த ஊரை ஆண்டவர்தானே. சிவனடியார்களுக்குச் சோறு போட்டுவந்த ஒருவர், கையில் ஒன்றும் இல்லாமல் போய், ராத்திரி அரண்மனை நெற்பண்டாரத்தில் புகுந்து நெல் எடுக்கும்போது காவலரிடம் மாட்டிக்கொண்டார். இடங்கழியார் கேட்டார், அவர் இருக்கிற நிலைமையைச் சொன்னார். உடனே விடுவித்துவிட்டு, இனி அடியார்கள் யார் வேண்டுமானாலும் என் பண்டாரத்தில் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பறை அறைவித்துவிட்டார். என் அம்மா இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது கடைசியில் ஒன்று சேர்த்துச் சொல்வாள்: கேட்டிருந்தாலே கொடுத்திருப்பாரே, பாவம், அந்த மனுஷன் ஏன் இருட்டில் போனார்?

இந்த மாதமும் 1ஆம் தேதி பணம் வந்தது. வழக்கத்தைவிட அதிகம். அம்மாவின் மருந்துக்கு என்று எழுதியிருக்கிறாய். மருந்துக்கு என் பென்ஷனே போதும், மீதியும் ஆகிறது. அதை அப்படியே உன் பேரில் போட்டு வைத்திருக்கிறேன், தொடவில்லை. இனிமேல் அனுப்பாதே. கோபத்தில் சொல்லவில்லை. காரையூர் அத்தைக்குக் கொடுக்க வேண்டியதும் கொடுத்தாயிற்று, எங்களுக்கு ஒரு செலவும் இல்லை. உன் அம்மா அந்த வளையலை நீ வந்தால்தான் எடுப்பேன் என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். மார்கழியில் அந்த வைப்புத்தொகையும் முடிகிறது. அதைத் திரும்பப் போடுவதா, எடுத்து உனக்கு அனுப்புவதா என்று சொல். எடுத்து அனுப்பு என்றால் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ உழைக்கிற பிள்ளை, அதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இல்லை.

ராத்திரி நேரத்துக்குத் தூங்கு. விடிய விடிய அந்த கம்ப்யூட்டரையே பார்க்காதே. சமைக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு ரசமாவது வை. பொடி தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன். வெளியே போகும்போது தலையை மூடிக்கொள், முன்பே சொல்லிவிட்டேனோ.

விசலூருக்கும் காளியாபட்டிக்கும் இன்னும் போகவில்லை. மழை பிடிப்பதற்குள் போய்வர வேண்டும். வயலுக்கு நடுவே நிற்கிற அந்தச் சின்னக் கற்கோயில்களுக்குக் கார் எதற்கு, பாதி தூரம் வரப்போரம்தான். ஸ்கூட்டர் இருந்தால் தோன்றிய இடத்தில் நிறுத்தலாம், கண்மாய்க்கரையில் ஏற்றி இறக்கலாம், ஆடு மேய்க்கிறவரிடம் வழி கேட்டு அவர் சொல்கிற கதையையும் கேட்டுவிட்டு வரலாம். பழைய புலப்படத்தில் நான் குறித்து வைத்த இடம் இன்னும் சில பாக்கி இருக்கின்றன. சித்தப்பாவுக்கு அதிலெல்லாம் பொறுமை இல்லை, அரை மணி ஆனதும் டீக்கடையைத் தேடுகிறான். கல்வெட்டைப் படிக்கவும் இப்போது எனக்குக் கண் போதவில்லை. நீ படிக்க, நான் எழுதிக்கொண்டால் வேலை நடக்கும். பழகினால் அந்தக் கை கியர் உனக்கும் வந்துவிடும், நீயே ஓட்டு, நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

டிக்கெட் போட்டால் திருச்சிக்கே போடு. சென்னையில் இறங்கி ராத்திரி பஸ் பிடிக்க வேண்டாம். எவ்வளவு பெட்டி இருந்தாலும் கொண்டு வா, கார் சொல்லி வைக்கிறேன். உன் அறையில் இருந்த நெல் மூட்டையை எடுத்துவிட்டு வெள்ளையடித்தாயிற்று. பக்கத்து வீட்டில் எத்தனை நாள் லீவு என்று கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியது இல்லை. திரும்பிப் போகிற டிக்கெட்டை இங்கே வந்து நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்பா