தேநீர் கொண்டுவந்தவளிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

எங்கள் திருச்சபைச் சேகரத்தின் குருவானவர் அவர்களுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களில் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அப்பா திண்ணையில் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான்; அதுவும் பாதிச் சுவர். “பிள்ளை தியேட்டருக்குப் போகிறதாம், சனிக்கிழமை பாட்டு வகுப்புக்குப் போகிறதாம், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்து ஆடுகிறதாம், கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்” என்று அப்பாவிடம் சொன்னீர்கள். தட்டோடு நான் வந்ததும் பேச்சு நின்றது. என்னிடம் நீங்கள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: சீனி குறைவாகப் போட்டிருக்கிறாயா அம்மா?

எனக்கு முப்பத்தொரு வயது. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சபையின் முழு அங்கத்தினளாக்கும் திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. சங்கக் காணிக்கை உறை என் பெயரில் தனியாக வருகிறது. அதை வாங்க வருகிறவர் அப்பாவைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறார். போன கமிட்டித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களும் என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். காணிக்கைக்கும் ஓட்டுக்கும் பெரியவளாக இருக்கிறவள், கண்டிப்பு என்று வந்ததும் ‘பிள்ளை’ ஆகிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் என் தம்பி எந்தப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுகிறவன். அவனைக் கவனிக்கும்படி அப்பாவிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் படம் பார்க்கப் போவது உண்மைதான். வருடத்துக்கு ஐந்தாறு முறை, உடன் வேலை செய்யும் இரண்டு ஆசிரியைகளோடு பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் போவதில்லை. அது நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பாதியில் எழுந்து வந்த படங்களும் உண்டு. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு ஒன்பது மணிக்கு. நான் படத்துக்குப் போகிற நாளில் மட்டும் பத்தரைக்கு. அம்மா முணுமுணுப்பார், அப்பா வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த அப்பா தியேட்டருக்குள் கால் வைத்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் முழங்காலில் நின்று சினிமாவை விட்டவர், விட்டது விட்டதுதான். அதை அவர் என் மேல் சட்டமாக வைத்ததில்லை. என்னோடு வரச்சொல்லி நானும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஜெபம் முடிந்து பாயை விரிக்கும்போது, “சரி, கதை என்ன, சொல்லு” என்பார். அவர் பார்க்காத படங்களின் கதை எல்லாம் அவருக்கு அத்துப்படி. சில முடிவுகளை ஏற்றுக்கொள்ளமாட்டார், வேறு முடிவு சொல்வார். நீங்கள் குலைந்துபோகும் என்று பயப்படுகிற குடும்பம் இப்படித்தான் இருக்கிறது.

(அம்மாவின் தொலைக்காட்சித் தொடரைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதும், மருமகள் நாத்தனாரைக் கடத்துவதும் தினமும் நடக்கிறது. நமது பெண்கள் ஐக்கியத்தில் பாதிப் பேர் அதைப் பார்க்கிறார்கள். அதைப் பற்றி எந்தத் திண்ணையிலும் பேச்சு வரவில்லை. வரக்கூடாது என்றுதான் நானும் ஜெபிக்கிறேன், அம்மா பாவம்.)

பாட்டு வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையில் வயலின் கற்றுக்கொள்கிறேன். என் குருவின் வீட்டுச் சுவரில் சரஸ்வதி படம் இருக்கிறது; என் சட்டைக்குள் சிலுவைச் சங்கிலி இருக்கிறது. இரண்டு வருடமாக இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. நாம் கோயிலில் பிடித்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாட்டின் தலைப்பைப் பாருங்கள். ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கிறது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், கர்த்தரைப் பாட இந்த ராகங்களைத்தான் எடுத்துக்கொண்டார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தமிழிசைக்காகத் தன் கைக்காசைச் செலவழித்து மாநாடுகள் கூட்டினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை நூலை வெளியிட்டார். அவரும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போனவர்தான்.

எனக்கு உண்மையிலேயே வலித்தது மைதான விஷயம். ஞாயிறு மாலை நான்கரைக்கு மேல், கோயில் மைதானத்தில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுநாளில் விளையாட்டா என்று போன மாதம் மைதானக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே மைதானத்தில் இதே பந்துக்குக் கோப்பை கொடுப்பதும் நீங்கள்தான்.

இந்தக் கைப்பந்து எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன் 1895இல் உருவாக்கிய ஆட்டம் அது. அதற்கு நாலு வருடம் முன்னால் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் ஒய்.எம்.சி.ஏ. ஆள், இறையியல் படித்து முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 1920இல் சென்னையில் உடற்கல்விக்கென்று கல்லூரி தொடங்கியதும் ஒய்.எம்.சி.ஏ.தான். நம் கோயில் வாசலில் நாம் வெளியே நிறுத்தியிருப்பது நம் வீட்டுப் பிள்ளையை.

பந்து சரி, ஞாயிற்றுக்கிழமைதான் தப்பு என்பீர்கள். அந்தத் தர்க்கம் பழையது. 1611இல் வெளியான ஆங்கில வேதாகமத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர், 1618இல், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஜனங்கள் அம்பெய்தும் நடனமாடியும் பொழுதுபோக்கலாம் என்று ஆணை போட்டார். 1643இல் நாடாளுமன்றம் அந்த ஆணையின் பிரதிகளைக் கொளுத்தச் சொன்னது. இரண்டு பக்கத்திலும் வேதம் வாசித்தவர்கள்தான் இருந்தார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றார். நானூறு மீட்டர் ஓடி 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். அந்தக் கதை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அதன் பிற்பகுதியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மிஷனரியாகச் சீனாவுக்குப் போனவரை, போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு விளையாட்டு நடத்தியவர் லிடல், ஞாயிறு தவிர. மேற்பார்வை இல்லாமல் ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஆடி, அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு, தங்கத்துக்காகக்கூட அந்த நாளில் ஓடாத அந்த மனிதர், நடுவராக மைதானத்தில் இறங்கினார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

ஓடாமல் இருந்ததும் அவர் முடிவு, இறங்கியதும் அவர் முடிவு. எந்தக் கமிட்டியும் அவருடைய அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை.

பூட்டு விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா? பையன்கள் குளத்தங்கரையில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குக் குளத்தங்கரையும் கிடையாது.

போன் என்றதும் என்னையும் சொல்லவேண்டும். என் பொழுதுபோக்கில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமானால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். ஜெபம் முடிந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் பன்னிரண்டு மணி வரை போனைத் தள்ளிக்கொண்டே கிடக்கிற இரவுகள் எனக்கு உண்டு. விடிந்ததும் வேதம் வாசிக்கக் கண் திறக்காது. தியேட்டரில் செலவழித்த மூன்று மணி நேரத்துக்கு நான் கணக்குச் சொல்லிவிடுவேன். இதற்குச் சொல்ல முடியாது. குருவானவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இரவில் எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டிருந்தால் தலைகுனிந்திருப்பேன். தியேட்டர் வாசலில் நிற்பது பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படும். சாத்திய கதவுக்குள் இருப்பது யார் கண்ணிலும் படாது, கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் போனபிறகு அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கடிதம் எழுத அதுதான் காரணம். என்னைக் குறித்து உங்களுக்கு வருத்தம் இருந்தால் எழுபது வயது மனிதரின் தோளில் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் சொல்வது எல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லும்போது நான் எதிரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். வேதத்தில் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாலாம் அதிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு உட்காருவோம். உணவையும் நாட்களையும் பற்றிய வழக்கு அங்கேயே இருக்கிறது. மைதானச் சாவியையும் எடுத்து வாருங்கள்.

சனிக்கிழமை மாலை எனக்கு வேலை இல்லை. அப்பாதான் தேநீர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சீனியின் அளவு தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினள் ஒருத்தி